கல்லு நட்டாச்சு, கண்ணாடி மாட்டியாச்சு... பசங்க எங்கய்யா?

மக்களே, கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ காப்பியோ கையில எடுத்துக்கிட்டு உட்காருங்க. ஆணி அதிகம் இருக்கிறவங்க சனிக்கிழமை வந்து படிங்க, பதிவு எங்கயும் ஓடிப் போகாது :-)

விஷயம் இதுதான். நம்ம ஊர்ல யாராச்சும் 'தொழில்நுட்ப மையம்'னு வாயைத் திறந்தா, அடுத்த நிமிஷம் ஒரு அடிக்கல் ரெடி ஆயிடுது. கல்லு நடுவாங்க, கண்ணாடி மாட்டுவாங்க, ரிப்பன் வெட்டுவாங்க, மறுநாள் பேப்பர்ல 'அடுத்த சிலிக்கான் பள்ளத்தாக்கு'ன்னு தலைப்பு வரும். எந்தக் கட்சி ஆட்சியில இருந்தாலும் இதே சடங்குதான். அதனால கட்சிக் கொடியைத் தூக்கிக்கிட்டு இங்க சண்டைக்கு வர வேணாம். என் சண்டை கட்சியோட இல்ல, சிமெண்ட்டோட.

ஆரம்பத்துலேர்ந்து வர்றேன். 2000 ஜூலையில தரமணியில டைடல் பார்க் திறந்தாங்க. டிட்கோவும் எல்காட்டும் சேர்ந்து கட்டினதால அந்தப் பேரு. அது வெற்றி, அதை நான் மறுக்கவே இல்ல. பழைய மகாபலிபுரம் ரோடு இன்னைக்கு இப்படி இருக்குன்னா அதுல டைடலுக்குப் பெரிய பங்கு உண்டு. நானும் அந்த ரோட்டுலதான் பொட்டி தட்டிச் சோறு திங்கறேன். ஆனா அந்த வெற்றி ஒரு வியாதியையும் கூடவே ஒட்டிட்டுப் போச்சு. சென்னையில ஒரு மாத்திரை கேட்டுச்சா, அதே மாத்திரையை எல்லா ஊருக்கும் கொடுங்கறதுதான் அந்த வியாதி.

மதுரைக்கு இலந்தைக்குளம், வடபழஞ்சின்னு ரெண்டு. திருச்சிக்கு நவல்பட்டு. ஓசூருக்கு விஸ்வநாதபுரம். எங்க திருநெல்வேலிக்குக் கங்கைகொண்டான். எல்லாம் எல்காட் கட்டின சிறப்புப் பொருளாதார மண்டலங்கள். எல்லாம் ஊருக்கு வெளியே, பொட்டல்ல. கங்கைகொண்டான்ல கம்பெனி வருது வருதுன்னு நாங்க பள்ளிக்கூடக் காலத்துலேர்ந்து கேட்டு வளர்ந்தோம். எங்க பெரியப்பா அந்தப் பக்கம் மதுரைக்குப் பஸ்ல போறப்ப எல்லாம் எட்டிப் பார்த்துட்டு வந்து, "கட்டடம் நல்லாத்தாம்லே இருக்கு, உள்ள மனுஷந்தான் இல்ல"ன்னு சொல்வார். அவருக்கு கம்ப்யூட்டரைப் பத்தி ஒண்ணும் தெரியாது. ஆனா அந்த ஒரு வரியில இருக்கிற விமர்சனம் எந்த ஆலோசகர் அறிக்கையிலயும் வந்திருக்காது.

இப்ப புதுசா நியோ டைடல். 2024 பிப்ரவரியில விழுப்புரம் மாவட்டத்துல, 31 கோடி ரூபாய் செலவுல. அதே வருஷம் செப்டம்பர்ல தஞ்சாவூர், சேலம். டிசம்பர்ல தூத்துக்குடி. 2025 பிப்ரவரியில மதுரை மாட்டுத்தாவணியிலயும் திருச்சி பஞ்சப்பூர்லயும் பெரிய டைடல் பார்க்குக்கு அடிக்கல். முன்னாடி ஊருக்கு வெளியே போனதுக்கு இப்ப பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக்கு வந்திருக்காங்க, சின்னக் கம்பெனிக்குச் சின்ன இடம்னு யோசிச்சிருக்காங்க. முன்னேற்றம்தான். கை தட்டறேன். தட்டி முடிச்சிட்டுக் கேக்கறேன்: இதுல மாத்தி யோசிச்சது கட்டடத்தோட சைஸைத்தானே?

என் கட்சி இதுதான். கட்டடம், ஏற்கனவே பொறந்த கம்பெனிக்கு. மையம், இன்னும் பொறக்காத கம்பெனிக்கு. ரெண்டும் ஒண்ணுன்னு நினைக்கிறதுதான் இருபத்தஞ்சு வருஷமா நம்மளைப் பிடிச்ச சனி.

சதுர அடி யாருக்கு வேணும்? நூறு பேரை வேலைக்கு வச்சிருக்கிறவனுக்கு. அவன் சென்னை வாடகை கட்டுப்படியாகாம தஞ்சாவூருக்கு வருவான். வரட்டும், நல்லது. நம்ம தங்கச்சி தம்பிக்கு வீட்டுப் பக்கத்துலயே வேலை கிடைக்கும், ஹாஸ்டல் செலவு மிச்சம். ஆனா அது கிளை ஆபீஸ். கிளையில முடிவு எடுக்க மாட்டாங்க. என்ன செய்யணும், யாருக்கு விக்கணும், என்ன விலைங்கறது எல்லாம் வேற ஊர்ல முடிவாகும். நாம ஓட்டறதுக்கு மட்டும்.

ரெண்டே பேரு, ரெண்டு லேப்டாப், ஒரு யோசனை, கையில நாலு மாசக் காசு. இப்படி இருக்கிறவனுக்கு என்ன வேணும்? நல்ல நெட், கரண்ட் போகாத இடம், பக்கத்து மேஜையில தன்னை மாதிரியே இன்னொரு கிறுக்கன், "உன் விலை தப்பு"ன்னு முகத்துக்கு நேரா சொல்ல ஒரு அனுபவஸ்தன், முதல் வாடிக்கையாளர். இதுல முதல் ரெண்டை மட்டும்தான் கட்டடம் தரும். மீதி மூணும் மனுஷங்க.

இப்ப கொஞ்சம் வெளியூர்க் கதை. அமெரிக்கா கிமெரிக்கா எல்லாம் வேணாம். நம்மள மாதிரியே கரண்ட் கட்டும் கந்துவட்டியும் இருக்கிற ஊரு, கென்யா.

2007 மார்ச்ல அங்க எம்-பெசா வந்தது. சாதா செல்போன்ல எஸ்எம்எஸ் மாதிரி பணம் அனுப்பறது. நாம யுபிஐயைப் பார்த்ததுக்கு ஒன்பது வருஷம் முன்னாடி. 2008 ஆரம்பத்துல தேர்தல் கலவரம். எங்க என்ன நடக்குதுன்னு வெளியே தெரியாத நிலைமையில, சில வலைப்பதிவர்களும் புரோகிராமர்களும் சேர்ந்து சில நாள்லயே 'உஷாஹிடி'ன்னு ஒண்ணு செஞ்சாங்க. ஜனங்க அனுப்பற தகவலை வரைபடத்துல போட்டுக் காட்டற மென்பொருள். சுவாஹிலியில அந்த வார்த்தைக்குச் 'சாட்சி'ன்னு அர்த்தம். 2009ல கடலடி கேபிள்கள் மொம்பாசாவுக்கு வந்து சேர்ந்தது, நெட் வேகமாச்சு. 2010 மார்ச்ல அதே உஷாஹிடிக்காரங்க நைரோபி இங்காங் ரோட்டுல ஒரு கட்டடத்தோட நாலாவது மாடியை எடுத்து 'ஐஹப்'னு திறந்தாங்க. எரிக் ஹெர்ஸ்மன்னு ஒருத்தர் முன்னாடி நின்னார்.

ஒரே ஒரு மாடி, மக்களே. நல்ல நெட், நல்ல காப்பி. பெரும்பாலான உறுப்பினர்களுக்கு இலவசம். அங்க சுத்திக்கிட்டிருந்த கூட்டத்துலேர்ந்துதான் மூணு பொண்ணுங்க 'எம்-ஃபார்ம்' ஆரம்பிச்சாங்க, விவசாயிக்கு எஸ்எம்எஸ்ல சந்தை விலை சொல்ற சேவை. அதே வட்டாரத்துலேர்ந்துதான் 'பிரிக்'னு ஒரு பெட்டி வந்தது. கரண்ட் போனாலும் பேட்டரியில நெட்டைப் பிடிச்சு வச்சிருக்கிற மோடம். நியூயார்க்ல உட்கார்ந்து யோசிக்கிறவனுக்கு அப்படி ஒரு பெட்டி தேவைப்படும்னே தோணியிருக்காது. கரண்ட் போற ஊர்ல உட்கார்ந்தாத்தான் கரண்ட் போறது ஒரு தொழில் வாய்ப்பாத் தெரியும்.

இதே காலத்துல கென்யா அரசாங்கம் என்ன செஞ்சது தெரியுமா? நைரோபியிலேர்ந்து சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி, கொன்சாங்கற இடத்துல 5000 ஏக்கர் வாங்கிப் போட்டுச்சு. 'சிலிக்கான் சவானா'வாம். 2013 ஜனவரியில அதிபர் கிபாகி வந்து வேலையைத் தொடங்கி வச்சார். தரவு மையம் வந்திருக்கு, ரோடு வந்திருக்கு. ஆனா வரைபடத்துல காட்டின அந்த நகரம் இன்னும் வந்து சேரல. ஒரு பக்கம் ஒரு மாடி, இன்னொரு பக்கம் 5000 ஏக்கர். எது முதல்ல கம்பெனி பெத்துச்சுன்னு நீங்களே சொல்லுங்க.

நைஜீரியாவுலயும் இதே கதைதான். 2011ல லாகோஸ் நகரத்துல யாபாங்கற பகுதியில 'கோ-கிரியேஷன் ஹப்' திறந்தாங்க. யாபா ஏன்? பக்கத்துல லாகோஸ் பல்கலைக்கழகம், பக்கத்துலயே யாபா தொழில்நுட்பக் கல்லூரி. பசங்க இருக்கிற இடத்துக்கு மையம் போச்சு, மையம் இருக்கிற இடத்துக்குப் பசங்க பஸ் மாறி மாறிப் போகல. 2016ல மார்க் ஸக்கர்பர்க் ஆப்பிரிக்கா போனப்ப முதல்ல எட்டிப் பார்த்தது அங்கதான், அப்புறம் நைரோபி ஐஹப். 2020ல பேஸ்டாக்ங்கற லாகோஸ் கம்பெனியை அமெரிக்காவோட ஸ்ட்ரைப் 20 கோடி டாலருக்கு மேல கொடுத்து வாங்குச்சு. கோ-கிரியேஷன் ஹப்பை நடத்தின போசுன் டிஜானி 2023ல நாட்டோட அமைச்சரே ஆயிட்டார்.

இதைப் படிச்சிட்டு 'ஆஹா ஆப்பிரிக்கா'ன்னு கற்பூரம் காட்டச் சொல்லல. அங்கயும் ஓட்டை இருக்கு. ஐஹப் பெரும்பாலும் வெளிநாட்டு அறக்கட்டளைக் காசுல ஆரம்பிச்சது. அந்த மாதிரி காசு என்னைக்கும் நிக்காது. மையம் தள்ளாடிச்சு, கடைசியில 2019ல அந்த லாகோஸ்காரங்களே அதை வாங்கிட்டாங்க. முதலீடு எல்லாம் வெளிநாட்டுலேர்ந்து வந்து கடை போட்டவனுக்கே போகுது, உள்ளூர்க்காரனுக்குக் கிடைக்கலைன்னு கென்யாவுல பெரிய சண்டையே நடந்தது. ஆக ரெண்டு பாடம். ஒண்ணு, மையம்னா மனுஷக் கூட்டம். ரெண்டு, அந்தக் கூட்டத்துக்கு வருஷா வருஷம் ஓட்டறதுக்குக் காசு வேணும், அதுவும் நம்ம காசா இருக்கணும்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். மேல சொன்ன விழுப்புரம் நியோ டைடல் இருக்கே, அது இருக்கிறது வானூர் வட்டம் திருச்சிற்றம்பலத்துல. பேருதான் விழுப்புரம், பக்கம் பாண்டிச்சேரி. அதே விழுப்புரத்துல 2013லேர்ந்து விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழுன்னு ஒண்ணு இருக்கு. கிராமத்துப் பசங்களுக்கும் அரசுக் கல்லூரிப் பசங்களுக்கும் காசு வாங்காம புரோகிராமிங் சொல்லிக் கொடுக்கிறாங்க. சம்பளம் இல்ல, வேலைக்குப் போயிட்டு வந்து மீதி நேரத்துல செய்யறாங்க. என்னைக் கேட்டா விழுப்புரத்தோட உண்மையான தொழில்நுட்ப மையம் அதுதான். ஆனா நம்ம கணக்குப்புத்தகத்துல மையம்னா எத்தனை சதுர அடி, எத்தனை தூண், எத்தனை லிஃப்ட். மனுஷங்களுக்கு அதுல பத்தியே கிடையாது.

யாழ்ப்பாணத்துலயும் பாருங்க. போர் முடிஞ்ச கையோட, கட்டடத்துக்குக் காத்திருக்காம, யாழ் ஐடி ஹப்னு தன்னார்வலர்கள் கூடினாங்க. 2012லேர்ந்து 'யாழ் கீக் சாலஞ்ச்'னு போட்டி வச்சுப் பசங்களைத் தேடிப் பிடிச்சாங்க. அவங்க எண்ண ஆரம்பிச்சது ஆளை. தூணை இல்ல.

நம்ம சின்ன ஊர்கள்ல இன்னைக்கு நிஜமா இருக்கிற 'தொழில்நுட்ப மையம்' எது தெரியுமா? இன்ஜினியரிங் படிச்சவங்க எல்லாம் சிரிக்காம கேளுங்க. பிராஜெக்ட் சென்டர்! பஸ் ஸ்டாண்ட் எதிர்ல, செல்போன் கடைக்கு மேல, ரெண்டாவது மாடி. 'ஐட்ரிபிள்ஈ பிராஜெக்ட் செய்து தரப்படும்'னு போர்டு. கடைசி வருஷப் பசங்க நாலு பேரு சேர்ந்து காசு போட்டு, ஒரு சிடியும் ஸ்பைரல் பைண்டிங் போட்ட ரிப்போர்ட்டும் வாங்கிட்டு வருவாங்க. நாலு வருஷம் படிச்ச படிப்புல, சொந்தமா ஒண்ணு செஞ்சு பார்க்கக் கிடைச்ச ஒரே வாய்ப்பை ரெண்டாவது மாடியில வித்துடறோம். பையன் சோம்பேறியா? எல்லாரும் கிடையாது. கேக்க ஆள் இல்ல, காட்ட இடம் இல்ல, தப்பா செஞ்சா மார்க் போயிடும்னு பயம். ஒரு ஊர்ல தப்பு செஞ்சு பழக இடம் இல்லைன்னா அங்க பிராஜெக்ட் சென்டர்தான் செழிக்கும்.

என் கூடப் படிச்ச ஒருத்தன் அப்படி வாங்காம சொந்தமா செஞ்சான். அவன் ஊர்ல குடிதண்ணி எந்தத் தெருவுக்கு எப்ப வரும்னு எஸ்எம்எஸ் அனுப்பற ஒரு சின்ன விஷயம். நாலு தெருவுல ஓட்டியும் காட்டினான். பக்கெட்டோட காலையில நாலு மணிக்கே எந்திரிச்சு உட்கார்ந்திருந்த அம்மாக்கள் அவனைக் கையெடுத்துக் கும்பிட்டாங்க. அப்புறம் ஒரு அரசு அலுவலகத்துக்குக் கொண்டு போனான். "நல்லாருக்கு தம்பி. மூணு வருஷ டர்ன்ஓவர் இருக்கா? முன் அனுபவச் சான்றிதழ் இருக்கா?"ன்னு கேட்டாங்க. இருபத்திரண்டு வயசுப் பையன்கிட்ட மூணு வருஷ டர்ன்ஓவர்! தொழில் ஆரம்பிக்கறவனுக்கு முன் அனுபவமும் டர்ன்ஓவரும் தளர்த்தலாம்னு மத்திய அரசோட பொது நிதி விதிகள்ல 2017லயே எழுதி வச்சிருக்கு. அதைக் காட்டி அவனுக்காகப் பேச அந்த ஊர்ல ஒருத்தர் இல்ல. இன்னைக்கு அவன் பெங்களூர்ல, அமெரிக்காக்காரன் நாய்க்குச் சாப்பாடு ஆர்டர் பண்ற ஆப்புல ஆணி புடுங்கறான். நல்ல சம்பளம். ஊர்ல அம்மாக்கள் இன்னும் நாலு மணிக்குத்தான் எந்திரிக்கிறாங்க.

இப்ப எதிர்க்கட்சி வாதங்களுக்கு வர்றேன். பின்னூட்டத்துல வர்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன் :-)

"லேப்டாப்பும் நெட்டும் இருந்தா போதாதா? இது வீட்லேர்ந்தே வேலை பார்க்கிற காலம். மையம் எதுக்கு?"

வேலை *பார்க்க* போதும். வேலை *உண்டாக்க* போதாது. பைத்தான் யூடியூப்ல கத்துக்கலாம். ஆனா உன் பொருளுக்கு மாசம் 500 ரூபாய் வைக்கணுமா 5000 வைக்கணுமான்னு யூடியூப் சொல்லாது. சென்னையையே எடுத்துக்குங்க. 2010ல சென்னையில ஆரம்பிச்ச ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021 செப்டம்பர்ல நாஸ்டாக் போச்சு. ஆரம்பிச்ச கிரீஷ் மாத்ருபூதம் திருச்சிக்காரர். அந்தக் காலகட்டத்துல சென்னையில மென்பொருள் விக்கறவங்க எல்லாம் ஒண்ணாக் கூடி, அமெரிக்காவுக்கு எப்படி விக்கணும், எப்படி விலை போடணும்னு ஒருத்தருக்கொருத்தர் மறைக்காம சொல்லிக்கிட்டாங்க. 2015லேர்ந்து அதுக்குன்னே கூட்டம் போட்டாங்க. சென்னை இந்தத் துறையில பேர் வாங்கினதுக்கு அந்தப் பேச்சு முக்கிய காரணம். அந்தப் பேச்சு திருநெல்வேலிப் பையன் காதுக்கு வர்றதில்ல. அதுதான் வித்தியாசம்.

"ஸோஹோ தென்காசியிலயே சாதிச்சுட்டாங்களே, அவங்களுக்கு எந்த மையம் இருந்துச்சு?"

இந்தக் கேள்வி வரும்னு தெரியும். 2011ல மத்தளம்பாறையில ஆபீஸ் போட்டாங்க, அங்கயிருந்தே ஸோஹோ டெஸ்க் வந்தது. சல்யூட். ஆனா அவங்க 1996லேர்ந்து தொழில் செய்யற கம்பெனி. உலகம் பூரா வாடிக்கையாளர், கையில லாபம், 2005லேர்ந்து சொந்தப் பள்ளிக்கூடம். தனக்கு வேணுங்கற மையத்தைத் தானே கட்டிக்க வசதி இருந்தது, கட்டிக்கிட்டாங்க. ரெண்டு லேப்டாப் பசங்களால அது முடியுமா? ஸோஹோ நிரூபிச்சது ஒண்ணு: நம்ம சின்ன ஊர்ல ஆள் இருக்கு, மூளை இருக்கு. அதைத்தான் நானும் சொல்றேன். மூளை இருக்கிற ஊர்ல எல்லாம் ஸோஹோ வந்து கடை திறக்கும்னு காத்துக்கிட்டிருக்க முடியாது.

"அதான் ஸ்டார்ட்அப் டிஎன் இருக்கே? காசு கொடுக்கிறாங்களே?"

இருக்கு, நல்லாவும் செய்யறாங்க. மதுரை, ஈரோடு, திருநெல்வேலின்னு வட்டார மையம் திறந்ததை மனசாரப் பாராட்டறேன். டான்சீட்னு பத்து லட்சம் ஆதார நிதி, பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்குத் தனி நிதி - ரெண்டும் சரியான திசை. ஆனா விண்ணப்பம் போடத் தெரிஞ்சவனுக்குத்தான் விண்ணப்பம் உதவும். அதுக்கு முந்தின படி ஒண்ணு இருக்கு. 'நாமளும் ஒரு கம்பெனி ஆரம்பிக்கலாம்'ங்கற நினைப்பே வராத பையன், கோட்டு போட்டு இங்கிலீஷ்ல பத்து ஸ்லைடு காட்டணும்னு சொன்னா வாசல்லயே திரும்பிடுவான். பரிசு கொடுக்கிறது முக்கியம்தான். முதல்ல மைதானம் வேணும் இல்லையா? தெருவுல கிரிக்கெட் ஆட விடாம, நேரா ரஞ்சி டிராபிக்கு ஆள் எடுக்க முடியுமா?

"தேவை இருந்தா தனியாரே வாடகைக்கு மேஜை போடுவானே?"

கோயம்புத்தூர்ல போடுவான், போட்டிருக்கான். ஏன்? அங்க பம்பு, மில்லு, பவுண்டரின்னு நூறு வருஷத் தொழில் பழக்கம் இருக்கு. 1998லேர்ந்து பிஎஸ்ஜி ஸ்டெப் மாதிரி தொழில்முனைவோரை வளர்க்கிற இடம் இருக்கு. யாரோ முன்னாடியே விதைச்சாங்க. விருதுநகர்லயும் திருவாரூர்லயும் முதல் மூணு வருஷம் எந்த மேஜையும் நிரம்பாது. அந்த மூணு வருஷ நஷ்டத்தை எந்தத் தனியாரும் தாங்க மாட்டான். ரோடு போட்ட அப்புறம்தானே பஸ் வரும்? அந்த ரோடுதான் நான் கேக்கறது.

சரி, எல்லாருக்கும் வாய் இருக்கு, கணக்கு எங்கன்னு கேப்பீங்க. இதோ என் மனக்கணக்கு. மாவட்டத் தலைநகர்ல, பஸ் ஸ்டாண்டுலேர்ந்து நடக்கிற தூரத்துல ஒரு பெரிய ஹால், வாடகை 75,000. நெட், கரண்ட், யுபிஎஸ், டீ எல்லாம் சேர்த்து 50,000. மூணு பேர் சம்பளம் 1,50,000. சில்லறைச் செலவு 25,000. ஆக மாசம் 3 லட்சம், வருஷம் 36 லட்சம். அஞ்சு வருஷத்துக்கு 1 கோடியே 80 லட்சம். விழுப்புரம் கட்டடத்துக்கு ஆன 31 கோடியில 17 ஊர்ல அஞ்சு வருஷம் இப்படி நடத்தலாம், 40 லட்சம் மிச்சமும் இருக்கும். பதினேழு ஊரு! என் வாடகைக் கணக்குல தப்பு இருக்குன்னா ரெட்டிப்பு ஆக்கிக்குங்க. அப்பவும் எட்டு ஊரு தேறும்.

எட்டு ஊர்ல ஏழு ஊத்திக்கிச்சுன்னே வச்சுக்குவோம். ஒண்ணு நிக்கும். கட்டடம் ஊத்திக்கிச்சுன்னா வவ்வால்தான் மிஞ்சும். ஆளைப் பழக்கி வச்சா, மையம் மூடினாலும் ஆள் மிஞ்சுவான்.

அப்ப என்னதான் வேணும்கறேன்? கேட்டுக்குங்க:

1. ஊருக்கு நடுவுல இருக்கணும். கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற தூரத்துல. பொண்ணுங்க ராத்திரி எட்டு மணிக்கு வீட்டுக்குப் போக பயப்படாத தெருவுல. இந்த ஒரு விஷயத்தைக் கவனிக்காட்டி பாதித் திறமையை வாசல்லயே தொலைச்சுட்டோம்னு அர்த்தம்.

2. ராத்திரி பத்து வரைக்கும், ஞாயித்துக்கிழமையும் திறந்திருக்கணும். ஆபீஸ் நேரத்துல திறந்து ஆபீஸ் நேரத்துல பூட்டற மையத்துக்கு, வேலைக்குப் போறவனும் காலேஜ் போறவனும் எப்படி வருவான்? இப்ப இருக்கிற நூலகங்களோட மாடியிலயே வச்சாக்கூட சந்தோஷம்தான்.

3. நடத்தறவர் நாலு மென்பொருளாவது எழுதி, நாலு பேருக்காவது வித்து, ரெண்டு தடவையாவது கையைச் சுட்டுக்கிட்டவரா இருக்கணும். மாற்றலாகி வந்து, அடுத்த மாற்றலுக்குக் காத்திருக்கிறவரா இருக்கக் கூடாது.

4. பேச்சு தமிழ்ல நடக்கணும். கோடு எந்த மொழியில வேணா எழுதிக்கலாம். சந்தேகம் கேக்கறது தாய்மொழியில இருந்தாத்தான் வெட்கம் போகும்.

5. முதல் வாடிக்கையாளர் உள்ளூர்ல கிடைக்கணும். இதுதான் இதயமே. சிவகாசி அச்சகம், நாமக்கல் கோழிப்பண்ணையும் லாரியும், கரூர் போர்வை, திருப்பூர் பனியன், தூத்துக்குடி மீன், தேனி ஏலக்காய். ஒவ்வொரு ஊர்லயும் கோடிக்கணக்குல புரளற தொழில் இருக்கு, அதுல பாதி இன்னும் நோட்டுப்புத்தகத்துலயும் வாட்ஸ்அப்லயும் ஓடுது. மாசம் ஒரு நாள், அந்தத் தொழில்காரங்களை மையத்துக்குக் கூப்பிட்டு "உங்க தலைவலி என்ன?"ன்னு கேக்கணும். பையனுக்குப் பிரச்னை கிடைக்கும், முதலாளிக்குத் தீர்வு கிடைக்கும். நகராட்சியும் கூட்டுறவு சங்கமும் சின்ன டெண்டரையாவது இவங்களுக்குன்னு ஒதுக்கணும்.

6. வருஷம் ஒரு தடவை கணக்கு வெளியிடணும். எத்தனை பேர் வந்தாங்க, எத்தனை பேர் மூணாவது தடவையும் வந்தாங்க, எத்தனை கம்பெனி ஒரு ரூபாயாவது சம்பாதிச்சுது, எத்தனை மூடிச்சு. மூடினதையும் சொல்லணும், அதுல கேவலம் ஒண்ணும் இல்ல.

இது வெறும் வேலைவாய்ப்புப் பிரச்னைன்னு நினைக்காதீங்க. ஏதர் கதை தெரியும்ல? சென்னை ஐஐடியில படிச்ச ரெண்டு பேர், அங்கயே வளர்த்த கம்பெனி, 2013ல ஆரம்பிச்சது. அப்புறம் பெங்களூருக்குப் போயிட்டாங்க. ஸ்கூட்டர் தயாரிக்கிற தொழிற்சாலை மட்டும் நம்ம ஓசூர்ல. அவங்க மேல குத்தம் இல்ல, தொழிலுக்கு எது வசதியோ அங்க போனாங்க. ஆனா கணக்கு என்ன சொல்லுது? மூளை அங்க, முதுகு இங்க. சென்னை மாதிரி பெரிய ஊருக்கே இந்தக் கதின்னா, சங்கரன்கோவில் பையன் எந்த மூலைக்கு?

ஒவ்வொரு வருஷமும் ஜூன் ஜூலையில கோயம்பேட்டுக்கும் கிளாம்பாக்கத்துக்கும் பெங்களூர் மெஜஸ்டிக்குக்கும் வந்து இறங்கற பசங்களைப் பாருங்க. ஒரு டிராவல் பேக், ஒரு லேப்டாப் பை, அம்மா கட்டிக் கொடுத்த புளிசாதம். முதல் ஆறு மாசம் மூணு பேர் இருக்கிற பிஜி ரூம். அந்த வாடகை ஊர்லேர்ந்து போகுது, கல்விக் கடன் தவணையோட சேர்த்து. வேலைக்காக ஊர் மாறறது தப்பில்ல, நானும் மாறினவன்தான். வேற வழியே இல்லாம மாறறதுதான் தப்பு. ஊர்ல இருந்துக்கிட்டே ஒரு வருஷம் முயற்சி பண்ணிப் பார்க்கிற உரிமை பெங்களூர் பையனுக்கு இருக்கு. அவன் அப்பா வீட்டு மாடியில உட்கார்ந்துக்கிட்டு, சாயங்காலம் ஒரு மீட்டிங் போய்ட்டு வந்துடுவான். அதே உரிமையை நம்ம பையனுக்கும் கொடுங்கறேன். அவ்வளவுதான் கோரிக்கை.

கடைசியா நம்ம ஜாதிக்கு - அதான், பதிவு எழுதற பொட்டி தட்டற ஜாதிக்கு - ஒரு வார்த்தை. அரசாங்கத்தைத் திட்டிட்டுத் தூங்கப் போறது சுலபம். நமக்குன்னு எழுத்துருவும் விசைப்பலகையும் திரட்டியும் யார் செஞ்சா? எந்தக் கண்ணாடிக் கட்டடத்துலயும் செய்யல. வேலை முடிஞ்சு வந்து, ராத்திரி கண்ணு முழிச்சு, காசு வாங்காம நாலு பேர் செஞ்சது. அந்தப் பரம்பரையில வந்துட்டு 'யாராச்சும் மையம் கட்டுவாங்க'ன்னு உட்கார்ந்திருந்தா எப்படி?

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போறோம் இல்லையா? அடுத்த தடவை போறப்ப ஒரே ஒரு சனிக்கிழமை மத்தியானம். ஒரு டியூஷன் சென்டரோ, நூலக ஹாலோ, சொந்தக்காரர் கல்யாண மண்டபத்து டைனிங் ஹாலோ. பத்துப் பசங்க வந்தா போதும். "நீ என்ன செஞ்சுட்டிருக்க, காட்டு"ன்னு கேளுங்க. பாடம் எடுக்காதீங்க, அறிவுரை சொல்லாதீங்க, உட்கார்ந்து பாருங்க. அடுத்த மாசம் நீங்க வர முடியாட்டி, வீடியோவுல வாங்க. மூணு மாசம் விடாம நடந்துச்சுன்னா அங்க ஒரு மையம் பொறந்துடுச்சுன்னு அர்த்தம். அப்புறமா அரசாங்கத்துகிட்ட போய், "கூட்டம் இருக்கு, கூரை கொடு"ன்னு கேக்கலாம். அப்ப கேக்கறதுக்கு ஒரு பலம் இருக்கும்.

இத்தனை வருஷமா நாம கூரையைப் போட்டுட்டுக் கூட்டத்துக்குக் காத்திருக்கோம். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, மாத்திச் செஞ்சு பார்ப்போமே.

டிஸ்கி 1: 'மாசம் 3 லட்சத்துல எப்படி நடத்துவே'ன்னு கேக்கறவங்க தங்கள் ஊர் வாடகை நிலவரத்தைப் பின்னூட்டத்துல போடுங்க. ஊர்வாரியா ஒரு பட்டியல் தேறுச்சுன்னா அதுவே தனிப் பதிவு.

டிஸ்கி 2: பிராஜெக்ட் சென்டர் வச்சிருக்கிற அண்ணாச்சிகளே, கோவிச்சுக்காதீங்க. உங்ககிட்ட இடம் இருக்கு, நெட் இருக்கு, பசங்க தேடி வர்றாங்க. ரிப்போர்ட் விக்கறதை நிறுத்திட்டு மேஜையை வாடகைக்கு விட்டீங்கன்னா, ஊரோட முதல் மையம் உங்க ரெண்டாவது மாடிதான் :-)